சார்லஸ் ஓரா கார்டு

சார்லஸ் ஓரா கார்டு (நவம்பர் 5, 1839 – செப்டம்பர் 9, 1906) கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலுள்ள கார்ட்ஸ்டன் என்னும் சிறுநகரை நிறுவிய மோர்மன் சமயத் தலைவர் ஆவார். மோர்மன்களை யூட்டாவில் குடியேற்றிய பிரிகாம் யங்கின் மருமகனான இவர், கனடாவின் பிரிகாம் யங் எனவும் அழைக்கப்படுவதுண்டு.

இளமையும் யூட்டா வாழ்வும்

நியூயார்க் மாநிலத்தில் பிறந்த கார்டு 1856 இல் குடும்பத்துடன் யூட்டாவை அடைந்தார். பின்னர் லோகன் நகரில் வாழ்ந்தார். 1884 இல் நிறைவுற்ற லோகன் ஆலயத்தின் கட்டுமானப் பணியை இவரே மேற்பார்வையிட்டார்.

தப்பியோட்டம்

அக்கால மோர்மன் வழக்கப்படி கார்டு நால்வரை மணந்திருந்தார். 1882 ஆம் ஆண்டின் எட்மண்ட்ஸ் சட்டம் ஒருவர் பல மனைவியருடன் வாழ்வதைக் குற்றமாக்கியது. 1886 சூலையில் கைதான கார்டு, ரயிலில் கொண்டு செல்லப்பட்டபோது குதித்துக் குதிரையில் ஏறித் தப்பினார். மெக்சிகோ செல்லவே இவர் எண்ணியிருந்தார். எனினும் திருச்சபைத் தலைவர் ஜான் டெய்லர் இவரைக் கனடாவுக்கு அனுப்பினார். டெய்லர் இங்கிலாந்தில் பிறந்து டொராண்டோவில் வாழ்ந்தவர். பிரித்தானிய நீதியில் நம்பிக்கை கொண்டவர்.

கார்ட்ஸ்டன்

1887 இல் எல்லைக்கு வடக்கே சுமார் 25 கி.மீ. தொலைவில், லீ ஓடைக் கரையில், கைனாய் பழங்குடியினரின் ஒதுக்கு நிலத்தை அடுத்து இவரது குழுவினர் குடியேறினர். ஊருக்குக் கார்டின் பெயரே அமைந்தது. அவ்வாண்டு அவர் கட்டிய மரவீடு இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

ஆனால் தேடி வந்த புகலிடம் முழுமையாகக் கிட்டவில்லை. ஏற்கனவே மணந்த மனைவியரை அழைத்து வர அனுமதி கோரி 1888 இல் கார்டும் வேறு இருவரும் ஒட்டாவா சென்று பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்டைச் சந்தித்தனர், கோரிக்கை மறுக்கப்பட்டது. 1890 இல் கனடாவும் பலதார மணத்தைத் தடை செய்தது. அதே ஆண்டில் திருச்சபையும் அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது குறிப்பிடத்தக்கது. கார்டுடன் கனடாவில் வாழ்ந்தவர் யங்கின் மகளான சீனா மட்டுமே.

கால்வாய்ப் பணி

வறண்ட புல்வெளியில் வேளாண்மைக்கு நீர் தேவைப்பட்டது. யூட்டாவில் பெற்ற பாசன அனுபவம் இங்கு கைகொடுத்தது. கால்ட் குடும்பத்தாரின் நிறுவனத்துடன் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, 1898 இல் மோர்மன்கள் செயின்ட் மேரி ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டத் தொடங்கினர். கூலியில் பாதி பணமாகவும் பாதி நிலமாகவும் தரப்பட்டது. 1900 இல் நீர் லெத்பிரிட்ஜை அடைந்தது. மக்ராத், ஸ்டெர்லிங் ஆகிய ஊர்கள் இப்பணியால் 1899 இல் உருவானவை.

இறுதிக் காலம்

கார்ட்ஸ்டனின் முதல் நகரத் தலைவராகவும் விளங்கிய கார்டு, உடல்நலம் குன்றி லோகனுக்குத் திரும்பி அங்கேயே காலமானார். கார்ட்ஸ்டனில் 1923 இல் மோர்மன் ஆலயம் திறக்கப்பட்டது.