வினவ அறிந்த வித்தகர்

நீலமலை தமிழகத்தின் மேலெல்லையில் வானளாவ நிமிர்ந்து நிற்பது. குன்னூரிலிருந்து உதகமண்டலத்திற்கு ஏறிச் செல்லும் மலை இரயில், உதகையை அடைவதற்குச் சற்று முன்னர் லவ்டேல் என்னும் சிற்றூரில் நிற்கும். லாரன்ஸ் பள்ளியால் பெயர் பெற்றது அவ்வூர். புல் போர்த்த குன்றுகளும், பள்ளங்களில் செறிந்த சோலைகளும், ஓங்கி உயர்ந்த மரங்களும் அங்கு இறங்குவோர் கண்ணுக்கு விருந்தாகும். இம்மலையின் உயர்ந்த நிலப்பகுதியில் எருமைகளைப் பேணித் தொன்றுதொட்டு வாழ்ந்து வரும் மக்கள் தோடர் ஆவர். அவர்தம் குடியிருப்பு மந்து எனப்படும்.

அம்மக்களைக் காண்பதற்கு 1901-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டினின்று அறிஞர் ஒருவர் வந்தார். அந்நாளில் இரயில் பாதை குன்னூருடன் நின்றிருந்தது; லவ்டேல் வழியாக உதகை வரை அது நீண்டது 1908-ஆம் ஆண்டிலேதான். தேயிலைத் தோட்டம் நாடியோ, வேட்டை விரும்பியோ வந்தவர் அல்லர் அவர். தோடரிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்னும் ஒரே நோக்கத்துடன் வந்தார். கேள்வி கேட்பது எளிது. கேள்வியால் விடையைக் கெடுத்துவிடாமல் கேட்பது அரிது. அவ்வரிய கலையை வாழ்நாள் முழுதும் பயின்ற அப்பெரியார் வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் என்பவர்.

ரிவர்ஸ் 1864-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள், இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்துச் சாத்தம் நகரை அடுத்துப் பிறந்தார். தந்தையார் ஹென்றி ரிவர்ஸ் கிறித்தவ சமயக் குரு. திக்கிப் பேசுவோர்க்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பதிலும் வல்லவர். ஆயினும் அவருடைய மைந்தரின் நாவோ இறுதிவரை திக்கலினின்று முற்றும் விடுபடவில்லை. பள்ளியில் பயின்றபொழுது கடுங்காய்ச்சல் ஒன்று தாக்கியமையால், கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் உதவித்தொகை பெற்றுப் பயிலும் வாய்ப்பை ரிவர்ஸ் இழந்தார். மனம் தளராது இலண்டனில் மருத்துவம் கற்று, 1886-ஆம் ஆண்டில், தம் இருபத்திரண்டாம் அகவையிலேயே பட்டம் பெற்றார். கப்பல் மருத்துவராகச் சப்பான் வரை சென்று வந்தார். பின்னர் அவர் நாட்டம் உளநூலிற் சென்றது. 1893-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஐம்பொறிகளின் இயல்பைக் கற்பிக்கத் தொடங்கினார். மாணவராகப் புக இயலாத கழகத்தில் ஆசிரியராகப் புகுந்தார்.

1898-ஆம் ஆண்டில் ஹாடன் என்னும் அறிஞர் தலைமையில் ஒரு குழு, ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையே உள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்றது. ரிவர்ஸும் உடன் சென்றார். தீவு மக்களின் கண், காது முதலிய பொறிகளின் ஆற்றலை அளந்தறிவது அவர் பணி. அவ்வாற்றல் குடும்பவழியாக வருவதா என்று காண விரும்பிய அவர், மக்களின் உறவுமுறைகளைக் குறித்துக்கொள்ள முற்பட்டார். அங்கேதான் இடர்ப்பாடு எழுந்தது. ஒருவரைத் தந்தை எனச் சுட்டியவன், வேறு ஒருவரையும் தந்தை என்றான். உடன்பிறந்தார் எத்தனை பேர் என்றால், விடை கணக்கின்றி நீண்டது. பிறராயின் அம்மக்களைப் பொய்யர் என்றோ அறிவிலார் என்றோ எழுதிவிட்டுக் கப்பல் ஏறியிருப்பர். ரிவர்ஸோ, பிழை விடையில் உள்ளதா, வினாவில் உள்ளதா என்று ஆராய்ந்தார்.

இதன் உண்மை தமிழர்க்கு எளிதில் விளங்கும். தமிழ்ச் சிறுவன் ஒருவனிடம் ஆங்கிலேயர் ஒருவர், அண்ணன் தம்பியர் எத்தனை பேர் என வினவுகின்றார் என்று கொள்வோம். பெரியப்பா மக்களையும், சித்தப்பா மக்களையும், பெரியம்மா மக்களையும் அவன் சேர்த்தே எண்ணுவான். மாமன் மக்களையும் அத்தை மக்களையும் எண்ணான். அவர்கள் மைத்துனர் முறையினர். ஆங்கிலத்திலோ இவர் அனைவரையும் குறிக்க ஒரே சொல் உண்டு. தந்தையின் தம்பியையும் தாயின் தம்பியையும் அம்மொழி வேறு பிரித்து அழைப்பதில்லை. ஆகவே வினவியவர் உள்ளத்தில் ஒரு பொருளும், விடையளித்தவன் உள்ளத்தில் மற்றொரு பொருளும் நிற்கும். இருவரும் பொய் கூறவில்லை. ஆயினும் ஏட்டில் ஏறுவது பொய்யாகிவிடும்.

இத்தீமையைக் களைய ரிவர்ஸ் ஒரு வழி கண்டார். அண்ணன், தம்பி, மாமன் என மயக்கம் தரும் சொற்களை வினாவினின்று அறவே நீக்கினார். தந்தை, தாய், மகவு, கணவன், மனைவி என்னும் ஐந்து சொற்களையே கருவியாகக் கொண்டார். பெற்ற தாயின் பெயர் என்ன, அவள் கணவன் பெயர் என்ன, அவர்கள் பெற்ற மக்கள் மூத்தோர் முதலாக யார் யார் என்று வினவி, பாட்டன் பூட்டன் காலம் வரை ஒரு குடிவழிப் பட்டியல் அமைத்தார். பின்னரே, அப்பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் சுட்டி, இவரை எம்முறை சொல்லி அழைப்பாய் என்று கேட்டார். முறைப்பெயரின் பொருள் தானே புலனாயிற்று. ஒருவன் யாரை மணக்கலாம் என்று பொதுவாக வினவினால், வழக்கம் இது என்று ஓர் அழகிய விடை வரும். பட்டியலிலோ யார் யாரை மணந்தனர் என்னும் நடப்பே காணப்படும். கருத்தைக் கேட்பதனினும் நிகழ்ச்சியைக் கேட்பது நன்று என்பது அவர் கண்ட நெறி. இம்முறையை 1900-ஆம் ஆண்டில் அறிஞர் உலகிற்கு வெளியிட்டார்.

இக்கருவியுடன்தான் அவர் நீலமலை ஏறினார். 1901-ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடங்கிச் சில திங்கள் அங்குத் தங்கினார். தோடர் அந்நாளில் ஏறத்தாழ 800 பேரே இருந்தனர். ரிவர்ஸ் தோடர் மொழி அறியார். மொழிபெயர்ப்பாளர் துணைகொண்டே வினவ வேண்டியிருந்தது. இறந்த முன்னோரின் பெயரைத் தம் வாயால் கூறுதல் ஆகாது என்பது தோடர் வழக்கம். ஆதலின் ஒரு குடும்பத்தின் வரலாற்றை வேறு குடும்பத்தாரிடம் தனியே கேட்டறிந்தார். ஒருவர் கூறியதை மற்றொருவர் அறியாவண்ணம் அவரிடமும் கேட்டு, இரண்டையும் ஒப்புநோக்கினார். இவ்வாறு அச்சமுதாயம் முழுவதையும் தழுவிய குடிவழிப் பட்டியல்கள் உருவாயின.

தந்தை என்னும் எளிய சொல்லும் அங்கு ஒரு புதிராயிற்று. உடன்பிறந்த ஆடவர் பலர் ஒருத்தியை மணந்து வாழ்வது அக்காலத் தோடர் வழக்கம். மனைவி கருவுற்றிருக்கும் காலத்தில் அவளுக்கு வில்லும் அம்பும் கொடுத்துச் சடங்கு செய்பவன் எவனோ, அவனே பிறக்கும் மகவுக்குத் தந்தை எனப்பட்டான். வேறொருவன் அச்சடங்கைச் செய்யும் வரை, பின்னர்ப் பிறக்கும் மக்களுக்கும் அவனே தந்தை. குடியும் உரிமையும் அவன் வழியே வந்தன. இதனை அறியாது வெளியூரார் தம் நாட்டு வழக்கை மனத்திற் கொண்டு தந்தை யார் என்று கேட்டிருப்பின், எழுதப்பட்ட பட்டியல் முழுதும் பிழையாய் முடிந்திருக்கும்.

பணி இடையூறின்றி நடந்ததாகக் கூற முடியாது. தெய்வத் தொடர்பான மறைபொருள்களை ரிவர்ஸுக்கு எடுத்துரைத்தவர் சிலருக்கு அடுத்தடுத்துத் துன்பங்கள் நேர்ந்தன. மறைபொருளை வெளியிட்ட குற்றமே இதற்குக் காரணம் என்று மக்கள் அஞ்சினர். அதன்பின் பலர் வாய் திறக்கத் தயங்கினர். ரிவர்ஸ் இதனை மறைத்திலர். 1906-ஆம் ஆண்டில் தோடரைப் பற்றி வெளியிட்ட பெருநூலில் இந்நிகழ்ச்சியையும் எழுதி வைத்தார். விடை கிடைத்த வரலாற்றைப் போலவே, விடை கிடையாமற்போன வரலாறும் படிப்போர்க்குத் தெரிதல் வேண்டும் என்பதை அந்நூல் காட்டியது.

நீலமலையினின்று மீண்ட பின்னரும் வினாவைப் பற்றிய ஆராய்ச்சி அவரை விட்டு நீங்கவில்லை. அவருடைய நண்பர் ஹென்றி ஹெட் என்னும் மருத்துவர், அறுபட்ட நரம்பு மீண்டும் வளருங்கால் உணர்ச்சி எவ்வாறு திரும்புகின்றது என்று அறிய விரும்பி, 1903-ஆம் ஆண்டில் தம் கையின் நரம்பையே அறுக்கச் செய்தார். நான்கு ஆண்டுகளுக்கு மேலாக ரிவர்ஸ் அக்கையைச் சோதித்து வந்தார். ஹெட் கண்ணை மூடியிருப்பார். ரிவர்ஸ் வெப்பமோ தண்மையோ கையில் படச் செய்வார். அப்பொழுது ஒரு புதுமை புலப்பட்டது. பனிக்கட்டி கண்ணாடிக் குவளையில் மோதும் சிற்றொலியும், அடுப்பினின்று வெந்நீர்க் கலத்தை எடுக்கும் ஓசையும் ஹெட்டின் விடையை ஒருபுறம் சாய்த்துவிட்டன. எளிய கேள்வி ஒன்று கேட்டாலும், அதன் குரலே விடையைக் காட்டிக் கொடுத்தது. ஆகவே ரிவர்ஸ் எல்லாவற்றையும் முன்னரே ஆயத்தம் செய்து கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு, ஓசையின்றிச் சோதித்தார். ஒரு சோதனைத் தொடர் முடியும்வரை வாய் திறவாதிருந்தார். கற்றவர், உண்மையை நாடுபவர், தம் உடலையே ஆய்வுக்கு ஈந்தவர் ஹெட். அத்தகையவரின் விடையே ஒரு சிற்றொலியால் சாயுமாயின், ஏனையோர் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

முதல் உலகப் போர்க் காலத்தில், 1916-ஆம் ஆண்டு முதல், ஸ்காட்லாந்தில் உள்ள கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் பணியாற்றினார் ரிவர்ஸ். போர்க்களத்துக் கொடுமைகளைக் கண்டு உள்ளம் நைந்த படைத்தலைவர்கள் அங்கு வந்தனர். துன்பத்தை மறந்துவிடுமாறு அவர்களை அவர் கடியவில்லை. அவர்கள் தம் நினைவைத் தாமே எடுத்துரைக்க இடம் தந்து, பொறுமையுடன் செவிசாய்த்தார். சிக்பிரிட் சசூன் என்னும் புகழ்பெற்ற கவிஞரும் அவரிடம் மருத்துவம் பெற்றவரே. பலர்க்கும் தந்தை போல விளங்கிய அப்பெருமகனார், குடல் நோயால் திடீரெனத் தாக்குண்டு, 1922-ஆம் ஆண்டு சூன் திங்கள் 4-ஆம் நாள் கேம்பிரிட்ஜில் உயிர் நீத்தார்.

ரிவர்ஸின் தோடர் நூல் நிலைத்த புகழ் பெற்றது. ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. திராவிட மொழிகளுக்கு 1961-ஆம் ஆண்டில் பர்ரோவுடன் சேர்ந்து சொற்பிறப்பகராதி அளித்த எமனோ என்னும் அறிஞர், 1930-களில் நீலமலைக்கு வந்தார். தோடர் மொழியைக் கற்று, அம்மொழியிலேயே அவர்களோடு உரையாடினார். தந்தைவழிக் குலங்களேயன்றித் தாய்வழிக் குலங்களும் தோடரிடையே உண்டு என்றும், மணவினைக்கு அவற்றையும் நோக்க வேண்டும் என்றும் கண்டு 1937-ஆம் ஆண்டில் எழுதினார். தந்தைவழிக் குலத்தை நுணுகி ஆராய்ந்த ரிவர்ஸின் நூலில் தாய்வழிக் குலங்கள் இடம்பெறவில்லை. தோடர் அவரை ஏய்த்தாரல்லர். கேட்கப்படாத கேள்விக்கு விடை வருவதில்லை. பிழையான வினா விடையைத் திரிக்கும். எழுப்பப்படாத வினா விடையையே புதைத்துவிடும். இது ரிவர்ஸின் பெருமையைக் குறைப்பதன்று. அவர் தொடங்கிய பாடத்தின் மறுபாதியாகும்.

இப்பாடம் அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. நாட்டின் நலமும் இதனைப் பொறுத்தது. இந்தியாவில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. உணவுச் செலவைக் கடந்த 30 நாளுக்குக் கேட்டால் ஒரு தொகையும், கடந்த 7 நாளுக்குக் கேட்டுத் திங்களுக்குப் பெருக்கினால் அதனினும் மிக்க தொகையும் வருதல் சோதனைகளிற் கண்டறியப்பட்டது. 1999-2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இரு வினாக்களையும் ஒரே தாளில் அருகருகே வைத்தனர். ஒரு விடை மற்றொரு விடையைத் தன்பால் இழுத்தது. அதனால் நாட்டில் வறியவர் எத்தனை பேர் என்னும் கணக்கே பொருளாதார அறிஞரிடையே நெடிய விவாதத்திற்கு உள்ளாயிற்று. ஏழையின் அடுப்பில் உலை மாறவில்லை. தாளில் வினா அமைந்த முறையே மாறிற்று.

வினாவும் விடையும் வழுவின்றி அமைய வேண்டும் என்பது தமிழ் இலக்கண மரபு. வினா ஆறு வகைப்படும் என்று நன்னூல் வகுத்துக் காட்டும். தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா. தெரியாமையால் கேட்பது அறியாவினா. ஆராய்ச்சியாளன் கேட்க வேண்டியது அறியாவினா. தான் விரும்பும் விடையை உள்ளே வைத்து மூடி, அறியாதான் போலக் கேட்பவன் பிறரை ஏமாற்றுவதோடு தானும் ஏமாறுகின்றான். விடையளிப்போன் பணிவினாலோ அச்சத்தினாலோ அன்பினாலோ அவன் விரும்பியதையே தந்துவிடுவான்.

மலை இரயில் லவ்டேலைக் கடந்து உதகையை நோக்கி இன்றும் ஊர்ந்து செல்கின்றது. தோடரும் தம் எருமைகளையும் வழக்கங்களையும் போற்றி இம்மலையில் வாழ்கின்றனர். அவர்களைத் தம் அளவுகோலால் அளவாமல், அவர்தம் சொல்லின் பொருளை அவரிடமே கற்றுக்கொள்ள முயன்றவர் ரிவர்ஸ். நன்கு வினவுதல் என்பது பிறரை மதித்தலின் ஒரு வகை என்பதை அவருடைய வாழ்வு விளக்குகின்றது.