உலகப் பட்டம் எட்டாத ஜோர்ஜ் செனியர்

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் வாழும் நம்மவர் ஒட்டாவாவுக்குப் போகும்போது ஆற்றின் எதிர்க்கரையில் காணும் ஊர் ஹல். அங்கேதான் 1907ஆம் ஆண்டு ஜோர்ஜ் செனியர் பிறந்தார். நீலகிரியின் உதகமண்டலத்தில் விதிகள் வகுக்கப்பெற்ற ஸ்னூக்கர், அமெரிக்கர் விரும்பும் பூல் ஆகிய இரு மேசையாட்டங்களிலும் ஒருங்கே வல்லவராய் விளங்கியவர் அவர்.

1950இல் ஸ்னூக்கரில் ஒரே முறையில் 144 புள்ளிகள் குவித்து அந்நாளைய உலக சாதனையை நிலைநாட்டினார். 1963இல் நியூயோர்க்கில் நடந்த உலக பூல் போட்டியில், முதலில் 150 பந்துகளை வீழ்த்துபவரே வெல்வார் என்பது விதி. பெருவீரர் இர்விங் கிரேனை எதிர்த்தாடிய செனியர், இடையில் ஒரு பந்தும் தவறாது 150ஐயும் ஒரே முறையில் வீழ்த்தினார். கிரேன் கதிரையில் அமர்ந்து பார்த்திருந்தார். ஆயினும் அவ்வாண்டின் உலகப் பட்டம் லூதர் லாசிற்றருக்கே கிடைத்தது.

1966இல் பக்கவாதம் அவரது உடலின் இடது பக்கத்தைத் தாக்கியது. ஒரு கை மேசையில் ஊன்றிக் கோலைத் தாங்க, மறு கை அதனைச் செலுத்தும் ஆட்டம் இது. எனினும் அவர் மேசைக்கு மீண்டார். 1970 நவம்பரில் மறையும்வரை வட அமெரிக்க ஸ்னூக்கர் பட்டம் அவர் வசமே இருந்தது.

உலக வாகை சூடியோர் பட்டியலில் செனியரின் பெயர் இல்லை. அப்பட்டியலில் முதன்முதலாக இடம்பெற்ற கனடியர் கிளிவ் தோர்பேர்ன், ஆண்டு 1980. அவருக்கு முன்னரே அப்பாதையில் தனியே நடந்தவர் செனியர்.