மீன் இறந்ததை மறைக்காத மனிதர்

சென்ற ஆண்டு பல்கலைக்கழக விடுமுறையில், சித்தப்பாவின் ஐந்து வயது மகளைப் பகல் நேரத்தில் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. அவள் விரும்பிப் பார்ப்பது சிவப்பு ஸ்வெட்டர் அணிந்த ஒரு புலிக்குட்டியின் கார்ட்டூன் தொடர். அதைக் கண்டதும் எனக்கு ஒரு துள்ளல். தொடக்கநிலை ஒன்றில் பள்ளி விட்டு வந்ததும் நான் பார்த்த அதே டேனியல் புலி! பழைய தோழனைப் பேருந்து நிறுத்தத்தில் திடீரென்று சந்தித்ததுபோல் இருந்தது.

இந்தப் புலி எங்கிருந்து வந்தது என்று இணையத்தில் தேடினேன். அதற்கு என்னைவிட ஐம்பது வயது அதிகம் என்பது அப்போதுதான் தெரிந்தது. 1954ல் அது ஒரு கைப்பொம்மை. அதற்குள் இருந்த கை பிரெட் ரோஜர்ஸ் என்பவருடையது. அன்றிலிருந்து அவருடைய பழைய நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.

ரோஜர்ஸ் 1928 மார்ச் 20ஆம் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லட்ரோப் என்ற சிற்றூரில் பிறந்தார். வசதியான குடும்பம். ஆனால் பிள்ளைக்கு ஆஸ்துமா, பருமனான உடல், கூச்ச சுபாவம். மற்ற பிள்ளைகள் கேலி செய்து துரத்தியதும் உண்டு. பொம்மைகளும் பியானோவும்தான் அவருக்குத் துணை. 1951ல் இசையமைப்பில் பட்டம் பெற்றார்.

சமயப் போதகராக வேண்டும் என்று எண்ணியிருந்தவரின் பாதையை மாற்றியது ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அன்றைய நிகழ்ச்சிகளில் பெரியவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் பலகாரத்தை வீசிச் சிரிக்க வைத்தார்கள். ரோஜர்சுக்கு அது பிடிக்கவில்லை. இந்தக் கருவியை இதைவிட நல்லதற்குப் பயன்படுத்தலாமே என்று நினைத்தவர், குறை சொல்வதோடு நிற்காமல் அந்தத் துறையிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

நியூயார்க்கில் சில காலம் பணியாற்றிய பிறகு, பிட்ஸ்பர்க் நகரில் புதிதாகத் தொடங்கப்பட்ட பொதுத் தொலைக்காட்சி நிலையத்திற்கு வந்தார். அங்கு சிறுவர் நிகழ்ச்சியொன்றில் திரைக்குப் பின்னால் பொம்மைகளை இயக்கி, இசையும் வாசித்தார். இரண்டுக்கும் இடையே ஓடும்போது காலணிச் சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காக கேன்வாஸ் காலணி அணிந்தார். பிற்காலத்தில் உலகமறிந்த அவருடைய அடையாளமாக அது மாறியது.

பணியாற்றிக்கொண்டே சமயக் கல்வி படித்து 1963ல் போதகரானார். ஆயினும் அவர் தேர்ந்தெடுத்த மேடை தொலைக்காட்சிதான். திரையில் சமயம் போதிக்கவும் இல்லை. மாறாக, மார்கரெட் மெக்ஃபார்லண்ட் என்ற குழந்தை உளவியல் வல்லுநரிடம் பல ஆண்டுகள் ஆலோசனை பெற்று, பிள்ளைகளின் மனத்தைப் புரிந்துகொண்டு எழுதினார்.

1968 பிப்ரவரி 19ஆம் தேதி 'மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்' அமெரிக்கா முழுவதும் ஒளியேறத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் ஒரே தொடக்கம். பாடிக்கொண்டே வீட்டுக்குள் வருவார். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஸ்வெட்டர் அணிவார். காலணியை மாற்றுவார். அந்த ஸ்வெட்டர்களில் பல, அவருடைய தாயார் கையால் பின்னியவை. ஒன்று இன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டு மடங்கு வேகத்தில் விரிவுரைக் காணொளி பார்த்துப் பழகிய எனக்கு முதலில் பொறுமை இருக்கவில்லை. ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று காட்டுவதற்காக, சமையலறைக் கடிகாரத்தில் நேரம் குறித்துவிட்டு முழு நிமிடமும் பேசாமல் இருக்கிறார் மனிதர்! ஆனால் மூன்றாம் நாள் என் மூச்சே சற்று நிதானமானதை உணர்ந்தேன். பரிட்சை முடிவுக்காகக் காத்திருந்த நாள்கள் அவை.

மென்மையாகப் பேசியதால் அவரைக் கோழை என்று நினைத்துவிடக்கூடாது. 1969 மே 1ஆம் தேதி, பொதுத் தொலைக்காட்சிக்கான நிதி குறைக்கப்படலாம் என்ற நிலையில், அமெரிக்க செனட் துணைக்குழு முன் அவர் பேசினார். கோபம் வரும்போது என்ன செய்யலாம் என்று பிள்ளைகளுக்காகத் தாம் எழுதிய பாடலின் வரிகளைச் சொல்லிக் காட்டினார். கண்டிப்புக்குப் பேர்போன தலைவர் ஜான் பாஸ்டோர் மனமிளகி, அந்த 20 மில்லியன் டாலரை அவர்கள் சம்பாதித்துவிட்டார்கள் என்ற பொருளில் பேசி முடித்தார்.

அதே ஆண்டு, கறுப்பினத்தவர் நீச்சல் குளங்களில் ஒதுக்கப்பட்ட காலத்தில், காவலராக நடித்த பிரான்சுவா கிளெமன்ஸ் என்ற கறுப்பினப் பாடகரைத் தம்மோடு சிறு பிளாஸ்டிக் தொட்டியில் கால் நனைக்க அழைத்தார். இருவரின் பாதங்களும் ஒரே தண்ணீரில். சொற்பொழிவு எதுவும் இல்லை. பார்த்த பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

பார்வையற்ற ஒரு சிறுமி அவருக்குக் கடிதம் எழுதினாள். தொட்டி மீன்களுக்கு அவர் உணவு போட்டாரா இல்லையா என்று தெரியாமல் அவள் கவலைப்பட்டாள். அதன்பின் உணவு போடும்போது அதை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார் ரோஜர்ஸ்.

அவருக்கும் தன்மீது சந்தேகம் வந்ததுண்டு. சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 1979ல் மீண்டும் எழுத உட்கார்ந்தபோது, இனி தன்னால் முடியுமா என்று தன்னையே கேட்டுத் தட்டச்சு செய்த ஒரு தாள் இருக்கிறது. அப்போது அவருக்கு 51 வயது. பேர் பெற்ற பிறகும் அப்படியா என்று வியந்தேன். கட்டுரை எழுதத் தொடங்க முடியாமல் தவிக்கும் எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. அவர் எழுதினார். 2001 வரை நிகழ்ச்சி தொடர்ந்தது. 2003 பிப்ரவரி 27ஆம் தேதி, 74 வயதில், வயிற்றுப் புற்றுநோயால் காலமானார்.

நான் பார்த்தவற்றுள் மறக்க முடியாதது 1970ல் வந்த ஒரு பகுதி. மீன் தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடப்பதைக் காண்கிறார். உப்பு நீரில் விட்டுப் பார்க்கிறார். பிழைக்கவில்லை. அதைத் தாளில் சுற்றி, தோட்டத்தில் குழி தோண்டிப் புதைக்கிறார். பிறகு, சிறுவயதில் தாம் வளர்த்த மிட்சி என்ற நாய் இறந்ததையும் தாம் அழுததையும் பிள்ளைகளிடம் சொல்கிறார். மீன் தூங்குகிறது என்று அவர் சொல்லவில்லை. வேறொரு மீனை இரகசியமாக மாற்றி வைக்கவும் இல்லை.

காணொளியை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது தாத்தா இறந்தார். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அவர் வந்ததும் காட்டலாம் என்று சொல்வதெழுதுதல் தாள்களைச் சேர்த்து வைத்தேன். ஏழு தாள்கள் சேர்ந்த பிறகு, மாலையிட்ட படத்தைப் பார்த்து நானே புரிந்துகொண்டேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் எவர் மீதும் எனக்குக் கோபமில்லை. பிள்ளை தாங்காது என்ற அன்பில்தான் மறைத்தார்கள். ஆனால் அழ வேண்டிய நேரத்தில் எனக்கு அழக் கிடைக்கவில்லை.

விடுமுறை முடிந்த இரண்டாம் மாதம் பாட்டி தவறினார். புளோக்கின் கீழ்த்தளத்தில் இறுதிச் சடங்கு. பாட்டி எப்போது எழுந்திருப்பார் என்று சின்னவள் கேட்டாள். தூங்குகிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சித்தியின் அனுமதி கேட்டுவிட்டு, அவளை மாடிப்படியில் உட்கார வைத்தேன். பாட்டியின் உடல் வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி எழுந்திருக்க மாட்டார், எனக்கும் அழுகை வருகிறது என்றேன். பாட்டிக்குக் குளிருமா என்று கேட்டாள். குளிராது என்றேன். இன்னும் மூன்று கேள்விகள் கேட்டாள். கொஞ்ச நேரம் என் மடியில் அழுதாள். பிறகு மைலோ வேண்டும் என்றாள். மறுநாள் ஒரு படம் வரைந்து பாட்டியின் படத்தருகே வைத்தாள்.

அன்றிரவு நான் பாட்டிக்காக அழுதேன். தாத்தாவுக்காகவும் அழுதேன், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து.

உங்கள் வீட்டில் தம்பி தங்கைகள் இருப்பார்கள். அவர்கள் கடினமான கேள்வி கேட்கும்போது, பேச்சை மாற்றாமல் ஒரு நிமிடம் அருகில் உட்காருங்கள். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பதை எனக்குக் கற்றுத்தந்தவர் ரோஜர்ஸ்தான்.