பலிகடா தந்த மனிதர் பலியான கதை



லேத்தில் ஜாப்பை மாட்டிக் கொடுத்தால் நாம் அசத்திவிடுவோம். ஆனால் இன்டர்வியூவில் ஒரு ஆங்கில மரபுத்தொடர் வந்து விழுந்தால் போதும், முழிக்க ஆரம்பித்து விடுகிறோம்! தனித்தனியா எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் தெரியும். சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. 'சால்ட் ஆஃப் த எர்த்' என்றால் உப்பு வியாபாரம் இல்லை. பகட்டில்லாத, நேர்மையான மனிதர் என்று பொருள். இதெல்லாம் யார் கொடுத்த தொடர்கள் என்று தேடிப் போனேன். ஷேக்ஸ்பியராக இருக்கும் என்றுதான் நினைத்தேன். கிடைத்தவரோ, ஷேக்ஸ்பியர் பிறப்பதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே கொல்லப்பட்டவர். அவர் பெயர் வில்லியம் டிண்டேல்.

சுமார் 1494-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் எம்.ஏ. முடித்து, ஒரு பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அப்போது தேவாலயங்களில் பைபிள் லத்தீனில்தான் ஒலித்தது. அனுமதியில்லாமல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது குற்றம். ஏர் ஓட்டுகிற பையனுக்கும் அது புரிய வேண்டும் என்பது டிண்டேலின் பிடிவாதம்.

1523-இல் லண்டன் பிஷப் டன்ஸ்டலிடம் போய் ஆதரவு கேட்டார். கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டார். 1525-இல் கொலோன் நகரில் அச்சு வேலை நடக்கும்போது அதிகாரிகளுக்குத் தகவல் போய்விட்டது. அச்சான தாள்களை அள்ளிக்கொண்டு ரைன் நதி வழியாக வோர்ம்ஸ் நகருக்கு ஓடினார். 1526-இல் அங்கே புதிய ஏற்பாடு ஆங்கிலத்தில் வெளிவந்தது. துணி மூட்டைகளுக்குள் ஒளித்து அதை இங்கிலாந்துக்குக் கடத்தினார்கள். பிஷப் பறிமுதல் செய்து கொளுத்தினார். கொளுத்தக் கொளுத்த மறுபடியும் வந்தது!

அவர் எழுத்திலிருந்து இன்றைக்கும் புழங்குகிற சில தொடர்களைப் பாருங்கள்:

'சைன்ஸ் ஆஃப் த டைம்ஸ்' - காலம் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும் அறிகுறிகள்.

'எ லா அன்டு தெம்செல்வ்ஸ்' - யார் பேச்சையும் கேட்காமல் தம் இஷ்டப்படி நடப்பவர்கள்.

'ஃபைட் த குட் ஃபைட்' - நியாயத்துக்காக விடாமல் போராடு.

'த பவர்ஸ் தட் பி' - அதிகாரத்தில் இருப்பவர்கள். நம்ம பேச்சில் சொன்னால், 'மேலிடம்'.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஸ்கேப்கோட்'. எபிரேய மொழியைக் கற்று அவர் மொழிபெயர்த்து 1530-இல் வெளியிட்ட பகுதியில், அவரே உருவாக்கிய சொல் இது. பழங்காலச் சடங்கில் இரண்டு ஆடுகள் நிற்கும். சீட்டுப் போட்டு ஒன்றைப் பலி கொடுப்பார்கள். மற்றதன் தலையில் ஊராரின் பாவத்தை எல்லாம் ஏற்றி வனாந்தரத்துக்கு விரட்டிவிடுவார்கள். தப்பிப் போகும் அந்த ஆடுதான் ஸ்கேப்கோட். அடுத்தவன் பழியைச் சுமப்பவனுக்கு இன்று அந்தப் பெயர். நாம் அதைத் தமிழில் 'பலிகடா' என்கிறோம். ஆனால் நம்ம கடா வெட்டுப்படும். அந்த ஆடு உயிரோடு போகும்!

டிண்டேலுக்கு அந்த ஆட்டின் அதிர்ஷ்டம் இல்லை. 1535-இல் ஆன்ட்வெர்ப் நகரில், நண்பன்போல் பழகிய ஹென்றி பிலிப்ஸ் என்பவன் அவரைக் காட்டிக் கொடுத்தான். பிரஸ்ஸல்ஸ் அருகே வில்வோர்டு கோட்டையில் ஓராண்டுக்கு மேல் சிறை. அங்கிருந்து எழுதிய கடிதத்தில் கதகதப்பான தொப்பி, மேலங்கி, இரவில் ஒரு விளக்கு கேட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக எபிரேய பைபிள், இலக்கணம், அகராதி மூன்றையும் கெஞ்சிக் கேட்டார். சாவு எதிரில் நிற்கும்போதும் படிக்கத் துடித்திருக்கிறார்! 1536-இல் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள்.

மூன்றே ஆண்டுகளில், 1539-இல், இங்கிலாந்து மன்னரின் ஆதரவோடு ஆங்கில பைபிள் அச்சானது. அதில் பெரும்பகுதி டிண்டேல் எழுதியதுதான். 1611-இல் வந்த புகழ்பெற்ற கிங் ஜேம்ஸ் பதிப்பிலும் அவர் வாக்கியங்கள் ஏராளம். மேலிடம் ஆளை எரித்தது. மேலிடத்துக்கு அவர் வைத்த பெயர் ஐந்நூறு ஆண்டுகளாக நிற்கிறது!

நண்பர்களே, மரபுத்தொடரைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் பரீட்சை முடிந்ததும் பறந்துவிடும். அதன் பின்னால் இருக்கும் மனிதனைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் மறக்க நினைத்தாலும் மறக்காது.