முயல் வரைந்த பொற்கொல்லர் மகன்

நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்பவர்களும் உண்டு. முயல் உட்கார்ந்திருக்கிறது என்பவர்களும் உண்டு. ஆனால் காகிதத்தில் உட்கார்ந்திருக்கும் முயல்களில் உலகமெங்கும் பேர் வாங்கியது ஒன்றே ஒன்றுதான். ஐந்நூறு ஆண்டுகளைத் தாண்டியும் இன்று வரை காலண்டரிலும் தபால் அட்டையிலும் அச்சாகிக்கொண்டிருக்கும் அந்த முயலை வரைந்தவர், ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து ஆல்பிரெக்ட் டியூரர்.

டியூரரின் தந்தை பிழைப்புத் தேடி வந்தவர். ஹங்கேரி நாட்டில் அய்டோஷ் என்ற சிற்றூரில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து, 1455-ல் நியூரம்பர்க் வந்து சேர்ந்தார். ஊரின் பெயர் ஹங்கேரி மொழியில் கதவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதையே ஜெர்மன் மொழிக்கு மாற்றிக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். ஊரை விட்டு வந்தாலும் ஊர்ப் பெயரை விடவில்லை! வேலை பார்த்த பட்டறையின் முதலாளி மகள் பார்பராவையே மணந்தார். பதினெட்டுக் குழந்தைகள் பிறந்தன. பெரியவர்களாகி நிலைத்தவர்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருவர்தான் 1471 மே 21-ல் பிறந்த ஆல்பிரெக்ட்.

தந்தை மகனுக்குத் தம் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். மகனுக்கோ படம் வரைவதில்தான் நாட்டம். பதின்மூன்று வயதில் கண்ணாடியைப் பார்த்துத் தன் உருவத்தைத் தானே வரைந்தான். கற்றுக்கொடுத்த காலமெல்லாம் வீணாயிற்றே என்று தந்தைக்கு வருத்தம். ஆனாலும் 1486-ல் மிஷேல் வோல்கெமுட் என்ற ஓவியரிடம் தொழில் பழக அனுப்பி வைத்தார்.

உண்மையில் அந்தக் காலம் வீணாகவில்லை. செப்புத் தகட்டில் படம் வெட்டும் சிற்றுளி, பொற்கொல்லர் பட்டறையின் கருவிதான். தகட்டில் கோடுகளைக் குழியாக வெட்டி, குழிகளில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் கொடுத்து அழுத்த வேண்டும். மரச்செதுக்கு இதற்கு நேர் எதிர். அங்கே கோடுகளை மட்டும் மேடாக விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செதுக்கி எடுக்க வேண்டும், நம் ஊரில் துணிக்கு அச்சுக் குத்தும் கட்டையைப் போல. அதற்கு இழை நெருக்கமான பேரிக்காய் மரத்தைப் பயன்படுத்தினார்கள். 1883-ல் தொடங்கிய போர்ட் பிளேர் சாத்தம் மர அறுவை ஆலையில் வேலை பார்த்த நம்மவர்களுக்கு, எந்த மரம் நுண்ணிய வேலைக்குத் தாங்கும், எது சில்லு பெயர்ந்துவிடும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

1494-ல் ஆக்னஸ் என்ற பெண்ணை மணந்து, இத்தாலி போய்த் திரும்பி, 1495-ல் சொந்தப் பட்டறை வைத்தார் டியூரர். அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் வந்த மரச்செதுக்குகளில் ஒன்றில் மேரி மாதா குழந்தையுடன் அமர்ந்திருக்க, பின்னால் சூசையப்பர் நிற்கிறார். காலடிப் புல்லில் மூன்று முயல்கள். இந்தப் படத்துக்கு முயல்களை வைத்தே பெயர் வழங்கலாயிற்று.

பிரபுக்களுக்கு ஒரே ஒரு படம் எழுதிக் கொடுத்துக் கூலிக்குக் காத்திருப்பதைவிட, ஒரு கட்டையிலிருந்து நூற்றுக்கணக்கில் அச்சடித்து விற்றால் கடைத்தெருவே ஆதரிக்கும் என்று கணக்குப் போட்டவர் அவர். 1497-லேயே ஊர் ஊராகச் சுமந்து சென்று விற்க ஆள் வைத்து ஒப்பந்தம் எழுதினார். மனைவி பிராங்பர்ட் சந்தைக்குப் போய் விற்றார். தாயாரும் விற்பனைக்கு உதவினார். ஒவ்வொரு படத்திலும் தம் பெயரின் முதல் எழுத்துகள் இரண்டையும், ஒன்றின் காலுக்குள் மற்றொன்று நிற்பது போல அமைத்த முத்திரை. அந்த முத்திரைதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

புகழ் பெற்ற முயல் பிறந்தது 1502-ல். இது அச்சுப் படம் அல்ல, நீர் வண்ணத்தில் கையால் வரைந்தது. ஒரு சாண் அகலத்துக்குச் சற்றே கூடுதலான காகிதம். முதலில் பழுப்புச் சாயத்தைப் பரப்பி, அதன் மேல் ஒவ்வொரு மயிராகக் கருப்பிலும் வெள்ளையிலும் இழுத்திருக்கிறார். கண்ணை உற்றுப் பார்த்தால் ஜன்னலின் நிழல் தெரியும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது நம் பழமொழி. டியூரரிடம் அந்தப் பிடிவாதம் கிடையாது. கண்ணில் பட்டதைத்தான் போட்டார். 1504-ல் ஆதாம் ஏவாள் செப்புத் தகட்டிலும் முயல் உண்டு, பூனை, எருது, மான் இனத்து எல்க் ஆகியவற்றோடு. வாதம், பித்தம், கபம் என்று நாம் மூன்று சொல்வது போல மனித குணத்துக்கு அங்கே நான்கு வகை. அந்த நான்குக்கும் இந்த நான்கு பிராணிகளைப் பொருத்திப் பார்ப்பது அறிஞர்களின் விளக்கம்.

முத்திரைத் திருட்டு

சரக்கு நன்றாக ஓடினால் போலி வராமல் இருக்குமா? இத்தாலியில் மார்க்கன்டோனியோ ரைமோண்டி என்ற கைகாரர், டியூரரின் மரச்செதுக்குகளைக் கோட்டுக்குக் கோடு செம்பில் நகலெடுத்தார், முத்திரை உள்பட. டியூரர் வெனிஸ் அரசிடம் முறையிட்டதாகவும், முத்திரையைப் போடக்கூடாது என்று மட்டும் தீர்ப்பானதாகவும் வசாரி என்ற இத்தாலியர் எழுதி வைத்திருக்கிறார். படத்தை நகலெடுப்பது குற்றமாகவில்லை! 1511-ல் வெளியிட்ட தம் புத்தகத்தில், சக்கரவர்த்தி மாக்சிமிலியனின் ஆணை இருக்கிறது, நகலெடுத்தால் சரக்கு பறிமுதல் என்று எச்சரிக்கை போட்டார். மறு ஆண்டே நியூரம்பர்க் நகர மண்டபத்துக்குக் கீழே, அவர் முத்திரை போட்ட போலிப் படங்களை வெளியூர்க்காரன் ஒருவன் கடை பரப்பினான். முத்திரைகளை அழித்துவிடு, இல்லாவிட்டால் சரக்கு பறிபோகும் என்று நகரசபை உத்தரவிட்டது.

பார்க்காததையும் அவர் ஒரு தடவை வரைந்தார். குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் ஷா கொடுத்த காண்டாமிருகம், கோவாவிலிருந்து கப்பலேறி 1515 மே 20-ல் லிஸ்பனில் இறங்கியது. டியூரருக்கு வந்ததோ ஒரு கடிதமும் ஒரு கோட்டுப் படமும்தான். அதை வைத்துக்கொண்டு மரச்செதுக்கு தயாரித்தார். தோலைக் கவசத் தகடுகளாக்கி, முதுகில் இல்லாத ஒரு சிறு கொம்பையும் சேர்த்துவிட்டார். அந்த மிருகம் 1516-ல் போப்பாண்டவருக்குக் காணிக்கையாகப் போகும் வழியில் இத்தாலிக் கரையோரம் கப்பலோடு மூழ்கியது. சங்கிலியில் கட்டியிருந்ததால் நீந்தவும் முடியவில்லை. ஐரோப்பியர்களோ அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு மேல் டியூரரின் கவச மிருகத்தையே காண்டாமிருகம் என்று நம்பினார்கள்.

மாக்சிமிலியன் அவருக்கு ஆண்டுக்கு 100 புளோரின் பொன் மானியம் அளித்திருந்தார். 1519 ஜனவரியில் சக்கரவர்த்தி இறந்ததும் அது நின்றது. புதியவர் ஐந்தாம் சார்லஸிடம் கேட்டு வாங்க, 1520 ஜூலையில் மனைவியோடும் வேலைக்காரப் பெண்ணோடும் புறப்பட்டார் டியூரர். வழியெல்லாம் படம் விற்றும், அன்பளிப்பாகக் கொடுத்தும், வரவு செலவு எழுதிக்கொண்டும் போனார். நவம்பரில் மானியம் உறுதியாயிற்று. அத்தோடு திரும்பியிருக்கலாம். கடற்கரையில் திமிங்கலம் ஒதுங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்க ஓடினார். போய்ச் சேர்வதற்குள் அலை அதை இழுத்துப் போய்விட்டது. அந்தப் பயணத்தில் பிடித்த காய்ச்சல் பின்னர் விட்டு விட்டு வந்து வாட்டியது; மலேரியாவாக இருக்கலாம் என்பது இன்றைய கணிப்பு.

1528 ஏப்ரல் 6-ல், 56-வது வயதில் டியூரர் காலமானார். விட்டுச் சென்ற சொத்து 6,874 புளோரின். குழந்தைகள் இல்லை. வர்ணத்தில் வரைந்த முயல் பல கை மாறி, இன்று வியன்னாவின் அல்பெர்டினா காட்சிசாலையில் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் வண்ணம் மங்கிவிடும் என்பதால் அரிதாகத்தான் வெளியே எடுக்கிறார்கள்.

மனித உடலின் அளவுகள் பற்றி அவர் எழுதிய நூல் சாகும்போது வெளிவரவில்லை. அதற்குள் ஹான்ஸ் செபால்ட் பேஹாம் என்ற உள்ளூர்ப் படக்காரர் அதே துறையில் ஒரு புத்தகம் போட முனைந்தார். டியூரரின் நூல் வரும் வரை பேஹாமின் புத்தகம் வரக்கூடாது என்று நகரசபை தடை போட்டது. ஆக்னஸ் 1528 அக்டோபரில் கணவரின் நூலை அச்சிட்டு வெளியிட்டார். அதன் பிறகும் 1539 வரை இருந்து, அவர் படங்களை அவரே விற்று வந்தார்.