கடலின் தாய்

ஜப்பானியர் சோறு சுருட்டிச் சாப்பிடும், 'நோரி' பற்றி தெரியுமா? அது ஒரு கடற்பாசி. கோடையில் மறைந்து விடும். எங்கே போகிறது என்பதே புதிர். விளைச்சல் பொய்த்தால், பாசி வளர்ப்போர் தவித்தனர்.

புதிரை அவிழ்த்தவர், இங்கிலாந்தின் கேத்லீன் ட்ரூ பேக்கர். 1901ல் பிறந்தார். திருமணமான பெண்கள் பணிபுரிய தடை இருந்ததால், 1928ல், மான்செஸ்டர் பல்கலைக்கழக விரிவுரையாளர் வேலையை இழந்தார். ஆராய்ச்சியை மட்டும் விடவில்லை!

பாசியின் நுண்ணிய வித்துகள் சிப்பி ஓட்டில் புகுந்து, இளஞ்சிவப்பு இழைகளாக வளர்வதை, 1949ல் வெளியிட்டார். அந்த இழைகள் உதிர்க்கும் வித்துகளே, மீண்டும் நோரி ஆகின்றன. இதை அறிந்த ஜப்பானியர், சிப்பி ஓடுகளிலேயே பாசி நாற்று வளர்த்தனர், விளைச்சல் பெருகியது.

ஜப்பானைப் பார்க்காமலேயே, 1957ல் மறைந்தார் கேத்லீன். நன்றி மறவாத ஜப்பானியர், 1963ல் நினைவுச்சின்னம் எழுப்பினர். ஆண்டுதோறும், ஏப்ரல் 14ல், 'கடலின் தாய்' என வணங்குகின்றனர்.