நெஞ்சின் ஓசையைக் கேட்ட டாக்டர்

ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லேனெக்கின் வரலாறு

டாக்டர் என்றதும் நம் கண் முன் வருவது எது? கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்!

அந்தக் கருவி 1816-ம் ஆண்டில், பிரான்சு நாட்டின் தலைநகரான பாரீசில் பிறந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ரெனே லேனெக் என்ற டாக்டர்.

இருதயத்தின் வாசலில் உள்ள வால்வு சுருங்கிப் போவது ஒரு கொடிய வியாதி. அந்தக் காலத்தில், பிணத்தை அறுத்துப் பார்த்தால்தான் அந்த வியாதி தெரியும். ஆள் உயிரோடு இருக்கும்போதே அதைக் கண்டுபிடிக்க வழி திறந்தது, லேனெக்கின் கருவிதான்.

தாயை இழந்த சிறுவன்

பிரான்சு நாட்டின் மேற்குக் கோடியில், கடல் ஓரத்தில் இருக்கிறது பிரிட்டனி என்ற பகுதி. அங்குள்ள கெம்பேர் என்ற ஊரில், 1781-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி லேனெக் பிறந்தார்.

அவருக்கு 5 வயதாக இருக்கும்போது தாய் இறந்துவிட்டாள். தந்தை வக்கீல். கவிதை எழுதுவதில் அவருக்கு ஆசை அதிகம். குடும்பப் பொறுப்பு குறைவு. எனவே லேனெக்கும் அவருடைய தம்பியும், நாந்த் என்ற நகரில் இருந்த சித்தப்பா வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

சித்தப்பா ஒரு டாக்டர். நல்லவர். பிள்ளைகளைத் தன் பிள்ளைகளைப் போல் வளர்த்தார்.

அப்போது பிரான்சில் புரட்சி நடந்துகொண்டிருந்தது. தலையை வெட்டும் "கில்லட்டின்" எந்திரம், அவர்கள் வீட்டுக்கு எதிரே இருந்த சதுக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. சாவைப் பக்கத்தில் பார்த்தபடியே சிறுவன் வளர்ந்தான்.

14 வயதில், சித்தப்பாவிடம் மருத்துவம் கற்கத் தொடங்கினார் லேனெக். புல்லாங்குழல் வாசிப்பதிலும் அவருக்குப் பிரியம் உண்டு. அவருடைய காது, ஓசையின் நுட்பம் அறிந்த காது.

பாரீசில் படிப்பு

1801-ம் ஆண்டு. லேனெக்குக்கு 20 வயது. மேல்படிப்புக்காகப் பாரீஸ் சென்றார்.

அங்கே அவருக்கு ஆசிரியராகக் கிடைத்தவர் கோர்விசார். இவர் நெப்போலியனுக்கே வைத்தியம் பார்த்தவர். நோயாளியின் நெஞ்சில் விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்ளே என்ன கோளாறு என்று சொல்லுவார்.

கோர்விசார், இருதய வியாதிகள் பற்றி 1806-ல் ஒரு நூல் வெளியிட்டார். எலும்பு போல் இறுகிப்போன வால்வுகளைப் பற்றியும் அதில் எழுதினார். இத்தகைய மாற்றங்களைக் கண்ணால் பார்க்க, நோயாளி இறந்த பிறகு உடலை அறுக்க வேண்டியிருந்தது.

லேனெக் படிப்பில் சுடர்விட்டார். 1803-ல் மருத்துவத்திலும் அறுவை சிகிச்சையிலும் பரிசு பெற்றார். மறு ஆண்டு டாக்டர் பட்டம் கிடைத்தது.

ஆனால் வீட்டில் துக்கம் தொடர்ந்தது. 1810-ல் தம்பி காசநோயால் இறந்தார். 1816-ல் உயிர் நண்பரான டாக்டர் பேல் இறந்தார். அவரையும் கொண்டுபோனது காசநோய்தான்.

இடையே, 1814-ல் போரில் அடிபட்டும் நோயுற்றும் வந்த சிப்பாய்களுக்கு லேனெக் சிகிச்சை செய்தார். பிரிட்டனிப் பகுதியைச் சேர்ந்த சிப்பாய்கள் பலருக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது. அவர்களுடைய தாய்மொழியிலேயே பேசி, அவர் ஆறுதல் கூறினார்.

சுருட்டிய காகிதம்

1816-ம் ஆண்டு, நெக்கர் ஆஸ்பத்திரியில் லேனெக் டாக்டராகச் சேர்ந்தார். அந்த ஆண்டில்தான் அந்தச் சம்பவம் நடந்தது.

இளம் பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். இருதய வியாதிக்கான அறிகுறிகள் அவளிடம் இருந்தன. பருத்த உடம்பு ஆனதால், விரலால் தட்டிப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை.

நெஞ்சில் காதை வைத்துக் கேட்பது அக்கால டாக்டர்கள் அறிந்த ஒரு முறை. ஆனால் இளம் பெண்ணின் மார்பில் காதை வைப்பது எப்படி? லேனெக் கூச்சப்பட்டார்.

அப்போது ஒரு விஷயம் அவர் நினைவுக்கு வந்தது. நீண்ட மரக்கட்டையின் ஒரு முனையில் குண்டூசியால் கீறினால், மறு முனையில் காதை வைத்திருப்பவனுக்கு அது தெளிவாகக் கேட்கும். சிறுவர்கள் இப்படி விளையாடுவதை அவர் பார்த்திருந்தார் என்றும் ஒரு கதை உண்டு.

உடனே காகிதத் தாள்களை எடுத்தார். இறுக்கமாகச் சுருட்டினார். ஒரு முனையைப் பெண்ணின் நெஞ்சில் வைத்தார். மறு முனையில் தன் காதை வைத்தார்.

என்ன ஆச்சரியம்! நேராகக் காதை வைத்துக் கேட்பதைவிட, இருதயத்தின் ஓசை அதிகத் தெளிவாகக் கேட்டது.

ஏறத்தாழ ஓர் அடி நீளமுள்ள மரக் குழாயை, லேனெக் தானே கடைசல் பிடித்துச் செய்தார். அதற்கு ஸ்டெதாஸ்கோப் என்று பெயர் வைத்தார். நெஞ்சைப் பார்ப்பது என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். ஒரு காதால் கேட்கும் கருவி அது. இரண்டு காதிலும் மாட்டும் கருவி 1850-களில்தான் வந்தது.

மூன்று ஆண்டு உழைப்பு

கருவி செய்துவிட்டால் போதுமா? கேட்கும் ஓசைக்கு அர்த்தம் தெரிய வேண்டாமா?

லேனெக் ஒவ்வொரு நோயாளியின் நெஞ்சையும் கேட்டார். கேட்டதை எழுதி வைத்தார். நோயாளி இறந்தால், உடலை அறுத்து, எழுதி வைத்ததோடு ஒப்பிட்டார். இன்ன ஓசை கேட்டால் உள்ளே இன்ன கோளாறு என்று, மொழிக்கு அகராதி எழுதுவதுபோல் எழுதினார்.

1819-ல் இவையெல்லாம் இரண்டு பாகங்கள் கொண்ட நூலாக வெளிவந்தன. சில பிராங்க் கூடுதலாகக் கொடுத்தவர்களுக்கு, நூலோடு மரக் குழாயும் கிடைத்தது.

சில டாக்டர்கள் கேலி செய்தார்கள். புரூசே என்ற புகழ்பெற்ற டாக்டர் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஆனால் வெளிநாட்டு டாக்டர்கள் பாரீசுக்கு வந்து லேனெக்கிடம் பாடம் கேட்டார்கள். 1821-ல் நூல் ஆங்கிலத்திலும் வந்தது.

துருத்தியின் ஓசை

நல்ல இருதயம் "லப், டப்" என்று ஒலிக்கும். சில நோயாளிகளிடம் அதோடு இன்னோர் இரைச்சலையும் லேனெக் கேட்டார். கொல்லன் பட்டறைத் துருத்தி ஊதுவது போன்ற இரைச்சல். சிலரிடம் அது அரத்தால் ராவுவதுபோல் கரகரப்பாக இருந்தது.

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

இருதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் புறப்படும் வாசலில் ஒரு வால்வு இருக்கிறது. மூன்று இதழ்கள் கொண்ட வால்வு. இருதயம் சுருங்கும்போது அது திறக்கும். பிறகு மூடிக்கொள்ளும். ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை இப்படித் திறந்து மூடுகிறது.

முதுமையில் சிலருக்கு அந்த இதழ்களில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிவிடுகிறது. பிறவியிலேயே இரண்டு இதழ்கள் மட்டும் இருப்பவர்களுக்கு அது முன்னதாகவே வரலாம். சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சலும் வால்வைக் கெடுக்கும்.

வாசல் குறுகினால், ரத்தம் பீறிட்டுப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் ஓசைதான் இரைச்சல்.

லேனெக் இதைப் பாதிதான் கண்டார். இரைச்சல் கேட்ட சிலருடைய உடலை அறுத்தபோது, வால்வு நன்றாகவே இருந்தது. ஆகவே இருதயம் அல்லது ரத்தக் குழாய் இழுத்துப் பிடிப்பதால் இரைச்சல் வருகிறது என்று முடிவு கட்டிவிட்டார். "டப்" என்ற இரண்டாவது ஓசைக்கும் அவர் சொன்ன காரணம் தவறு. வால்வுகள் மூடுவதால் அது எழுகிறது என்பதை, 1830-களில் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் ஹோப்பின் சோதனைகள் காட்டின.

லேனெக்கின் தவறைத் திருத்தியதும் லேனெக்கின் கருவிதான்!

கடைசி நாட்கள்

லேனெக் மெலிந்த உடம்புக்காரர். ஓயாத உழைப்பால் உடல்நிலை கெட்டது. நூல் வெளிவந்ததும், பிரிட்டனியில் கெர்லுவார்னெக் என்ற இடத்தில் இருந்த தன் பண்ணை வீட்டுக்குப் போய்விட்டார்.

1821-ல் பாரீஸ் திரும்பினார். பேராசிரியர் ஆனார். 1824-ல், ஒரு விதவையை மணந்துகொண்டார்.

இரவு பகலாக உழைத்து, நூலைத் திருத்தி எழுதினார். 1826-ல் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. அதற்குள் இருமலும் காய்ச்சலும் அவரைப் பிடித்துக்கொண்டன.

உறவினரான இளம் டாக்டர் மெரியாதெக், ஸ்டெதாஸ்கோப்பை வைத்து லேனெக்கின் நெஞ்சைக் கேட்டார். கேட்ட ஓசையை அப்படியே சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று லேனெக்குக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த அகராதியை எழுதியவரே அவர்தான். காசநோய்!

1826-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி, கெர்லுவார்னெக்கில் லேனெக் காலமானார். அப்போது அவருக்கு வயது 45. தன் ஸ்டெதாஸ்கோப்பை மெரியாதெக்குக்கு எழுதி வைத்திருந்தார். தன் உடைமைகளில் அதையே உயர்ந்ததாக அவர் கருதினார்.

இன்று வரை

இன்றும் வால்வுச் சுருக்கத்தை முதலில் சந்தேகிப்பது பெரும்பாலும் டாக்டரின் காதுதான். நெஞ்செலும்பின் வலது பக்கத்தில், மேல்புறத்தில் கரகரப்பான இரைச்சல் கேட்கும். அது கழுத்து வரை ஏறும். நோய் முற்றினால் நாடி மெதுவாக எழும்பும். "டப்" ஓசை மங்கும்.

ஒன்று கவனிக்க வேண்டும். இரைச்சல் பெரிதாக இருந்தால் நோயும் பெரிது என்று சொல்ல முடியாது. இருதயம் களைத்துவிட்டால், நோய் முற்றிய நிலையிலும் இரைச்சல் அடங்கிவிடலாம். எனவே அளந்து பார்க்க வேண்டும்.

அளக்கும் வழி சுவீடனில் பிறந்தது. 1953-ல் டாக்டர் எட்லரும் விஞ்ஞானி ஹெர்ட்சும், கப்பல் தளத்தில் உலோகத்தின் விரிசலைத் தேடும் கருவியை இரவல் வாங்கி, இருதயத்தைப் பார்த்தார்கள். காதுக்குக் கேளாத ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு படம் பிடிக்கும் "எக்கோ" பரிசோதனை இப்படித்தான் தொடங்கியது.

நல்ல வால்வு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். அது 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போனால், கடுமையான சுருக்கம். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அடைத்தால் நீர் வேகமாகப் பீறிடும் அல்லவா? அதுபோல், சாதாரணமாக விநாடிக்கு ஒரு மீட்டரை ஒட்டி ஓடும் ரத்தம், 4 மீட்டருக்கு மேல் பாய்ந்தால் அதுவும் கடுமையான நிலைக்கு அடையாளம்.

நடந்தால் மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, திடீர் மயக்கம் - இவை மூன்றும் இந்த வியாதியின் எச்சரிக்கை மணிகள். வயதாகிவிட்டது, அதனால்தான் இளைக்கிறது என்று வீட்டில் இருப்பவர்கள் சும்மா இருந்துவிடக் கூடாது. கடுமையான சுருக்கத்தில் மூச்சிளைப்பு தொடங்கிய பிறகும் சிகிச்சை இல்லாமல் விட்டால், பலர் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள்.

முன்பெல்லாம் கண்டுபிடித்தாலும் வழி இல்லை. இன்று வழி இருக்கிறது. 1960 முதல், நெஞ்சைத் திறந்து புது வால்வு பொருத்துகிறார்கள். 2002-ல் பிரான்சு டாக்டர் அலன் கிரிபியே, நெஞ்சைத் திறக்காமலே ரத்தக் குழாய் வழியாக வால்வை அனுப்பிப் பொருத்தினார்.

ஆனால், சிகிச்சைக்கு முன் வியாதி தெரிய வேண்டும். அதற்கு முதல் படி, நெஞ்சின் ஓசையைப் பொறுமையாகக் கேட்பது. அந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனவர், லேனெக்.